மதுக்கடை இல்லாத சாக்லெட் ஊர்

தமிழ்நாட்டுச் சமையலறை அலமாரிகளில் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கும் போர்ன்விட்டா டப்பாவின் பெயருக்குள் ஒரு ஊர் ஒளிந்திருக்கிறது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தின் மையத்திலிருந்து தெற்கே நான்கு மைல் தள்ளி இருக்கும் போர்ன்வில் தான் அது. அங்கே ஓடும் போர்ன் என்கிற ஓடையின் பெயரோடு, ஊர் என்று பொருள்படும் 'வில்' என்ற பிரெஞ்சுச் சொல்லை ஒட்டிப் பெயர் வைத்தார்கள். இங்கிலாந்து ஓடைக்கு எதற்கு பிரெஞ்சு வால்? அந்தக் காலத்தில் பிரெஞ்சு சாக்லெட் என்றால் தான் மவுசு. ஆக, ஊருக்குப் பெயர் வைக்கும்போதே ஒரு விளம்பர மூளை வேலை செய்திருக்கிறது.

பர்மிங்காம் சாதாரண ஊர் இல்லை. லண்டனுக்கு அடுத்து இங்கிலாந்தின் பெரிய நகரம், 11 லட்சத்துக்கும் மேல் மக்கள். அங்கிருந்து ரயிலில் சில நிமிடங்களில் போர்ன்வில் ஸ்டேஷன் வந்துவிடும். ஸ்டேஷனே கேட்பரியின் ஊதா நிறத்தில் தான் இருக்கும். தண்டவாளத்தை ஒட்டி ஒரு கால்வாய், அந்தப் பக்கம் பேக்டரி. பேக்டரியைத் தாண்டினால் ஒரு பசும்புல் திடல், அதன் நடுவில் எட்டுக் கோண வடிவில் ஓய்வு மண்டபம். பக்கத்தில் பள்ளிக்கூடம், அதன் கோபுரத்தில் இசை எழுப்பும் 48 மணிகள். சுற்றிலும் வேலி போல் வெட்டப்பட்ட செடிகள், மரங்கள் வரிசை கட்டிய தெருக்கள், செங்கல் வீடுகள். 'பப்' என்கிற மதுக்கூடம் மட்டும் இருக்காது. தெருவுக்கு ஒரு பப் இருக்கும் நாட்டில் இது ஒரு அதிசயம் தான்.

பழைய ஊர் என்பதால் அமைதியாக இருக்கிறது என்று நினைத்தால் தப்பு. உலகம் முழுக்கப் பெருநகரத்தை ஒட்டிய பழைய கிராமங்களை நகரம் விழுங்கிவிடுவது தான் வழக்கம். நிலத்தின் விலை ஏறும், தோட்டத்தில் அடுக்குமாடி முளைக்கும், பத்து வருடத்தில் ஊர் அடையாளம் தெரியாமல் போகும். போர்ன்வில் அப்படிப் போகாததற்குக் காரணம் 1900-ல் எழுதப்பட்ட ஒரு பத்திரம். அதை எழுதிக் கொடுத்தவர் அந்த நிலத்தின் முதலாளி. அவர் அதில் தன்னையே முதலாளி இல்லாமல் ஆக்கிக் கொண்டார்.

கதை 1824-ல் ஆரம்பிக்கிறது. ஜான் கேட்பரி என்கிற இளைஞர் பர்மிங்காமின் புல் தெருவில் தேயிலை, காப்பி, குடிக்கும் சாக்லெட் விற்கும் கடை போட்டார். அவர் குவாக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். இந்தப் பிரிவினருக்குப் பூசாரி கிடையாது, சடங்கு கிடையாது, போர் பிடிக்காது, மது ஆகாது. இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையை ஏற்காததால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கதவுகளும் அவர்களுக்கு வெகுகாலம் சாத்தியே இருந்தன. 1871-ல் தான் சட்டம் போட்டு அந்தத் தடையை முழுவதும் நீக்கினார்கள். படித்து உத்தியோகத்துக்குப் போகும் வழி அடைபட்டால் மிச்சம் இருப்பது வியாபாரம். பிரிஸ்டலில் ஃபிரை, யார்க்கில் ரவுன்ட்ரீ, பர்மிங்காமில் கேட்பரி என்று இங்கிலாந்தின் மூன்று பெரிய சாக்லெட் குடும்பங்களும் குவாக்கர்களாக இருந்தது தற்செயல் இல்லை. சாராயத்துக்கு மாற்றாகச் சூடான கோக்கோ கொடுக்கலாம் என்ற நம்பிக்கையும் அதில் உண்டு.

ஜான் கேட்பரியின் மகன்கள் ரிச்சர்டும் ஜார்ஜும் 1861-ல் பொறுப்பேற்றபோது கம்பெனி மூழ்கும் நிலையில் இருந்தது. ரிச்சர்டுக்கு வயது 25, ஜார்ஜுக்கு 21. தாய் விட்டுப்போன பணத்தைப் போட்டு, சில வருடங்கள் நஷ்டத்தைச் சுமந்தார்கள். அப்போதைய கோக்கோவில் கொழுப்பு அதிகம். அதை மறைக்க உருளைக்கிழங்கு மாவு, சவ்வரிசி மாவு எல்லாம் கலப்பார்கள். ஹாலந்திலிருந்து வாங்கிய ஒரு அழுத்து இயந்திரத்தைக் கொண்டு அந்தக் கொழுப்பைப் பிழிந்து எடுத்து, 1866-ல் கலப்பில்லாத 'கோக்கோ எசென்ஸ்' விற்க ஆரம்பித்தார்கள். கலப்படத்துக்கு எதிரான சட்டங்கள் 1870-களில் வந்தபோது, சுத்தம் என்பதே அவர்களின் விளம்பரம் ஆனது. நியாயமும் லாபமும் ஒரே திசையில் போன அபூர்வமான சமயம் அது. (எப்போதும் அப்படிப் போகாது. அந்தக் கதை கீழே வருகிறது.)

வியாபாரம் வளர்ந்ததும் நகரத்துக்குள் இடம் போதவில்லை. 1879-ல் பேக்டரியை வயல்வெளிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கரியும் புகையும் இல்லாத இடத்தில் உணவுப் பண்டம் செய்வது நல்லது என்பது ஒரு காரணம். கோக்கோ வந்திறங்கக் கால்வாயும், வேலையாட்கள் வர ரயிலும் பக்கத்திலேயே இருந்தது இன்னொரு காரணம். தொழிலாளர்களுக்காக ரயில் கம்பெனியிடம் பேசிக் கட்டணத்தைக் குறைத்தும் வாங்கினார்கள். 1879-ல் 230 பேர் வேலை செய்த இடத்தில், 1899-ல் சுமார் 2,600 பேர் இருந்தார்கள்.

இதற்கு நடுவே ஜார்ஜ் கேட்பரி ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இன்னொரு வேலையும் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாத உழைப்பாளிகளுக்காகக் குவாக்கர்கள் நடத்திய முதியோர் பள்ளியில் பாடம் எடுத்தார், ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, ஐம்பது வருடத்துக்கு மேல்! மாணவர்களின் வீடுகளுக்குப் போனபோது தான் பர்மிங்காமின் நிஜ முகம் தெரிந்தது. ஒரு வீட்டின் பின்சுவரே அடுத்த வீட்டின் பின்சுவர். முன்பக்கம் மட்டும் ஜன்னல், பின்னால் காற்று வர வழியில்லை. நடுவில் ஒரு முற்றம், பல குடும்பங்களுக்கும் சேர்த்துச் சில கழிப்பறைகள், ஒரு குழாய். அப்படிப்பட்ட முற்றம் ஒன்றை நகர மையத்தில் இன்றும் காட்சிக்காகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அந்த மாதிரி வீட்டில் இருப்பவன் மாலையில் சாராயக் கடைக்குப் போகாமல் வேறு எங்கே போவான் என்பது ஜார்ஜுக்குப் புரிந்தது. பிரசங்கத்தை விட ஒரு தோட்டம் அதிகம் சாதிக்கும் என்ற முடிவுக்கு வந்தார்.

பேக்டரி போன பிறகு அதைச் சுற்றியிருந்த நிலத்தின் மேல் வீடு கட்டி விற்பவர்களின் கண் விழுந்தது. விட்டால் வயலுக்கு நடுவில் இன்னொரு சேரி உருவாகும். எனவே 1893-ல் ஜார்ஜ் தன் சொந்தப் பணத்தில் 120 ஏக்கர் வாங்கினார். கம்பெனியின் பணத்தில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும், பின்னால் இது தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. 1895-ல் வீடு கட்டத் தொடங்கியபோது வடிவமைக்கும் பொறுப்பை 1874-ல் பிறந்த வில்லியம் அலெக்சாண்டர் ஹார்வியிடம் கொடுத்தார். 21 வயதுப் பையனிடம் ஒரு முழு ஊரையே ஒப்படைத்தார்!

ஹார்வி ஏமாற்றவில்லை. வீடுகள் இரண்டிரண்டாகவோ நான்கு நான்காகவோ சேர்ந்திருக்கும், ஆனால் பக்கத்துத் தொகுதி அதே மாதிரி இருக்காது. மனையில் கால் பங்குக்கு மேல் வீடு அடைக்கக் கூடாது, மீதி தோட்டம். வீட்டுக்காரர் குடிவருவதற்கு முன்பே மண்ணைக் கொத்திப் பதப்படுத்தி, பழமரங்களை நட்டுக் கொடுத்துவிடுவார்கள். காய்கறியும் பழமுமாக ஒரு தோட்டம் வாரத்துக்கு சுமார் 2 ஷில்லிங் மதிப்புக்குத் தரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். தனிக் குளியலறைக்கு இடமில்லாத சிறிய வீடுகளில் குளியல் தொட்டியைச் சமையலறைத் தரைக்குள் இறக்கி மேலே பலகை போட்டு மூடினார்கள், இல்லாவிட்டால் அலமாரிக்குள் நிமிர்த்தி வைத்தார்கள். முற்றத்துக் குழாயில் வாளியோடு நின்ற குடும்பத்துக்கு அது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் முதல் முயற்சியில் ஒரு ஓட்டை இருந்தது. 143 வீடுகளை ஜார்ஜ் அடக்க விலைக்கே, 999 வருடக் குத்தகையில் கொடுத்தார். பாதிப் பணம் கையில் வைத்திருந்தவருக்கு மீதிக்கு 2.5% வட்டி, மற்றவருக்கு 3%. தர்மம் போலவும் இருக்க வேண்டும், தர்மமாகவும் இருக்கக் கூடாது என்ற கணக்கு. என்ன ஆயிற்று? வாங்கியவர்களில் சிலர் கொஞ்ச நாளிலேயே லாபத்துக்குக் கைமாற்றி விட்டார்கள். அவர்கள் மேல் கோபப்பட முடியாது. அடக்க விலைக்குக் கிடைத்த பொருளைச் சந்தை விலைக்கு விற்பது எந்த ஊரிலும் நடப்பது. ஆனால் வருமானம் குறைந்தவனுக்காகக் கட்டிய வீடு, முதல் கைமாற்றத்திலேயே அவனுக்கு எட்டாத விலைக்குப் போய்விடுகிறது. நல்ல மனம் மட்டும் இருந்தால் போதாது, நல்ல பத்திரமும் வேண்டும் என்று ஜார்ஜ் கற்றுக்கொண்டது இங்கே தான்.

1900 டிசம்பர் 14-ல் போர்ன்வில் கிராம அறக்கட்டளை உருவானது. 330 ஏக்கர் நிலமும் 313 வீடுகளும், அன்றைய மதிப்பில் 1,70,000 பவுண்டுக்கு மேல், ஜார்ஜின் கையை விட்டுப் போயின. பிள்ளைகளுக்குக் கிடையாது, கம்பெனிக்கும் கிடையாது. வாடகையிலிருந்து வரும் மிச்சம் யாருக்கும் லாபமாகப் போகாமல் பராமரிப்புக்கும் புதிய வீடு கட்டவும் மட்டுமே போக வேண்டும். பணக்காரர்கள் பணத்தைத் தானம் செய்வது புதிதல்ல. தானம் செய்த பொருள் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும்படி எழுதி வைத்தது தான் இதில் புதிது.

கடிவாளத்தை மட்டும் உடனே விடவில்லை! அறக்கட்டளையின் முதல் தலைவர் ஜார்ஜே. 1922-ல் அவர் காலமான பிறகு மனைவி எலிசபெத் கேட்பரி 1951-ல் தன் மரணம் வரை அந்த நாற்காலியில் இருந்தார்.

இதே காலத்தில் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் சோப்பு முதலாளி வில்லியம் லீவர் 1888-ல் தொடங்கிய போர்ட் சன்லைட்டை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். (சன்லைட் சோப்பு. நம்மூர்க் கடைகளுக்கும் வந்தது தான்.) அழகில் அது போர்ன்வில்லுக்குக் குறைந்ததல்ல. ஆனால் அங்கே வீடு வேலையோடு கட்டப்பட்டது. லீவரிடம் வேலை இருந்தால் வீடு, வேலை போனால் வீடும் போயிற்று. அப்படி இருப்பவன் எப்படிச் சங்கம் சேர்வான், எப்படி வேலைநிறுத்தம் செய்வான்? போர்ன்வில்லில் கேட்பரி ஆளாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. ஆரம்பத்தில் குடியிருந்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்கள் தான் கேட்பரியில் வேலை செய்தார்கள். கம்பெனிக் குடியிருப்பு என்று அதைச் சொல்வது பாதி தான் சரி.

அந்தப் பத்திரத்தில் பிரபலமானது மது பற்றிய பகுதி. நேரடியாக 'என்றைக்கும் கூடாது' என்று எழுதவில்லை. அறங்காவலர்கள் அத்தனை பேரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டால் விற்கலாம். அப்படி விற்று வரும் லாபத்தையும், மக்களை மதுக்கடையிலிருந்து இழுக்கும் பொழுதுபோக்குகளுக்குத் தான் செலவழிக்க வேண்டும். சாராய லாபத்தில் சாராயத்துக்கு எதிர்க்கடை! தடை என்று எழுதினால் ஒரு நாள் யாராவது வாதாடி உடைப்பார்கள். ஒருவர் மறுத்தால் போதும் என்று எழுதினால் அதை உடைப்பது கஷ்டம்.

சொர்க்கம் மாதிரி எழுதிக்கொண்டே போனால் அது நியாயமாகாது. போர்ன்வில்லின் அமைதிக்குள் ஒரு பெரியவரின் கண் எப்போதும் இருந்தது. குடியிருப்பவர்களுக்கு ஜார்ஜ் ஆரோக்கிய ஆலோசனைகள் அச்சிட்டுக் கொடுத்தார். மூக்கால் மூச்சு விட வேண்டும், பன்றி இறைச்சி வேண்டாம், மது புகையிலை வேண்டாம் என்று போகும் அந்தப் பட்டியல், கணவன் மனைவிக்குத் தனித்தனிக் கட்டில் நல்லது என்பது வரை போகும். நல்ல வீடு கொடுத்தவர் என்பதற்காகப் படுக்கையறைக்குள்ளும் வந்து யோசனை சொல்லலாமா? அந்தக் காலத்தில் எத்தனை பேர் மனதுக்குள் சிரித்திருப்பார்களோ.

பேக்டரியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித் திடல். இளம் தொழிலாளர்களுக்கு வேலை நேரத்திலேயே படிப்பும் உடற்பயிற்சியும் உண்டு, நீச்சல் கற்க வேண்டும், பெண்களுக்கென்றே தனி நீச்சல் குளம் கட்டினார்கள். இதெல்லாம் அன்றைக்கு வேறு எங்கே கிடைக்கும்? ஆனால் அதே பெண் கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிட வேண்டும். போகும்போது ஒரு பைபிளும் ஒரு கார்னேஷன் பூவும் பரிசு. தோட்டத்தோடு வீடு, வீட்டில் மனைவி, வேலைக்குப் போகும் கணவன் என்று ஜார்ஜ் மனதில் வைத்திருந்த குடும்பப் படத்தில் சம்பாதிக்கும் மனைவிக்கு இடம் இல்லை.

இதை விடப் பெரிய கறை ஊருக்கு வெகு தொலைவில் இருந்தது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலில் போர்ச்சுகலின் கையில் இருந்த சான் தோமே தீவிலிருந்து தான் 1900 வாக்கில் கேட்பரியின் கோக்கோவில் ஏறக்குறைய பாதி வந்தது. 1901-ல் ஜார்ஜின் அண்ணன் மகன் வில்லியம் கேட்பரியின் கையில் அந்தத் தீவின் தோட்டம் ஒன்றின் விற்பனை அறிவிப்பு கிடைத்தது. நிலம், கட்டடம் என்று சொத்துகளை வரிசையாகப் போட்டிருந்த பட்டியலில், 200 கறுப்புத் தொழிலாளர்கள், மதிப்பு 3,555 பவுண்டு என்றும் ஒரு வரி இருந்தது. ஐந்தொகையில் சொத்துப் பக்கத்தில் மனிதர்கள்! அங்கோலாவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள் அவர்கள். பேருக்கு ஐந்து வருட ஒப்பந்தம், ஆனால் திரும்பிப் போனவர் என்று யாரும் கிட்டத்தட்ட இல்லை.

கேட்பரி உடனே வாங்குவதை நிறுத்தியதா? இல்லை. விசாரித்தார்கள். போர்ச்சுகல் அரசிடம் பேசினார்கள். 1905-ல் ஜோசப் பர்ட் என்பவரைப் போர்ச்சுகீசு மொழி கற்றுக்கொள்ளச் செய்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். அவர் அறிக்கை தந்த பிறகும், அதை வெளியிடும் விஷயத்தில் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை இழுத்தடித்தது. 1908-ல் வில்லியமே நேரில் போய்ப் பார்த்தார். 1909 மார்ச்சில் தான் 'இனி சான் தோமே கோக்கோ வாங்க மாட்டோம்' என்ற அறிவிப்பு வந்தது. முதல் தகவலிலிருந்து எட்டு வருடம். வாங்குவதை நிறுத்திவிட்டால் போர்ச்சுகலிடம் பேசும் பலம் போய்விடும் என்பது அவர்கள் சொன்ன வாதம். வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்த எட்டு வருடமும் கோக்கோ வந்துகொண்டே இருந்தது, போர்ன்வில்லில் புது வீடுகளும் எழும்பிக்கொண்டே இருந்தன.

'ஸ்டாண்டர்டு' என்ற பத்திரிகை 1908-ல் இதைக் கிழித்து எழுதியது. அதற்கு அரசியல் நோக்கமும் உண்டு. ஜார்ஜ் 1901-ல் 'டெய்லி நியூஸ்' பத்திரிகையை வாங்கி, தென்னாப்பிரிக்கப் போரையும் அங்கே நடந்த சீனக் கூலிகளின் கொடுமையையும் எதிர்த்து வந்தார். ஊருக்கு உபதேசம் செய்பவரின் கோக்கோ எங்கிருந்து வருகிறது என்று எதிரணி கேட்காமல் விடுமா? கேட்பரி அவதூறு வழக்குப் போட்டது. 1909 டிசம்பரில் பர்மிங்காமிலேயே தீர்ப்பு. கேட்பரிக்கு வெற்றி. நஷ்ட ஈடு எவ்வளவு தெரியுமா? ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. உங்கள் மேல் சொன்னது அவதூறு தான், ஆனால் உங்கள் மானத்தின் விலை கால் பென்னி என்று சொன்னது போல.

போர்ன்வில்லின் புகழ் இதனால் குறையவில்லை. 1901-லேயே தோட்ட நகரச் சங்கத்தின் மாநாடு அங்கே நடந்திருந்தது. எபனேசர் ஹோவர்டு எழுத்தில் வைத்திருந்த தோட்ட நகரத்தைச் செங்கல்லில் பார்க்க விரும்பியவர்கள் வந்து பார்த்த இடம் போர்ன்வில் தான். அதற்குப் பிறகே யார்க் பக்கத்தில் நியூ இயர்ஸ்விக்கும், லெட்ச்வொர்த் தோட்ட நகரமும் எழுந்தன. பர்மிங்காம் சேரிப் பிள்ளைகளையும் போர்ன்வில் பிள்ளைகளையும் நிறுத்தி உயரமும் எடையும் அளந்தார்கள், போர்ன்வில் பிள்ளைகள் உயரமாகவும் எடை கூடியும் இருந்தார்கள். எந்தப் பிரசங்கத்தையும் விட அந்த எண்கள் பேசின. 1911-ல் பர்மிங்காம் நகராட்சி எல்லை விரிந்து போர்ன்வில்லைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. கிராமம் அன்று தான் புறநகர் ஆனது. ஜார்ஜ் முன்பு குடியிருந்த வுட்புரூக் மாளிகை 1903-ல் குவாக்கர் கல்வி நிலையமாக மாறியிருந்தது, 1931 அக்டோபரில் இங்கிலாந்து போன காந்தி அங்கே வந்து தங்கினார்.

இனி, கம்பெனியும் ஊரும் இரண்டு பாதையில் பிரிந்த கதை. கேட்பரி 1919-ல் ஃபிரை கம்பெனியோடு இணைந்தது. 1962-ல் அதன் பங்குகள் பொதுச் சந்தைக்கு வந்தன. 1969-ல் ஷ்வெப்ஸ் என்ற குளிர்பானக் கம்பெனியோடு சேர்ந்தது, 2008-ல் பிரிந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் குடும்பத்தின் பிடி கரைந்துகொண்டே வந்தது. 2009-ல் அமெரிக்காவின் கிராஃப்ட் கம்பெனி விலை பேச ஆரம்பித்தது. உடனே குறுகிய கால லாபத்துக்கு விளையாடும் நிதிகள் பங்குகளை வாரின. அவர்கள் கையில் சுமார் 5% இருந்தது, முடிவில் 30%-ஐத் தொட்டது. விற்பதற்காகவே வாங்கியவர்கள் அவர்கள். 2010 பிப்ரவரியில் சுமார் 11.5 பில்லியன் பவுண்டுக்குக் கேட்பரி கைமாறியது. பிரிஸ்டல் அருகே கெய்ன்ஷாமில் உள்ள பேக்டரியை மூடாமல் காப்பாற்றுவதாகப் பேசிவந்த கிராஃப்ட், கைக்கு வந்த சில நாட்களிலேயே மூடப் போவதாக அறிவித்தது. இங்கிலாந்தின் கையகப்படுத்தல் கண்காணிப்புக் குழு கண்டித்தது, பேக்டரி மூடப்பட்டது. 2012 முதல் கேட்பரி மாண்டலீஸ் என்ற பெயரின் கீழ் இருக்கிறது.

1895-ல் கொடுத்த முதல் வீடுகளின் கதை தான் மறுபடி நடந்தது என்று சொல்லலாம், இந்த முறை அளவு தான் பெரிது. சந்தையில் கைமாறக்கூடிய எதுவும் அதிக விலை சொல்பவனிடம் போய்ச் சேரும். சாக்லெட் கம்பெனி போனது, டெய்ரி மில்க் என்ற பெயர் போனது, பேக்டரியும் போனது. ஆனால் வாங்கியவர்களின் சொத்துப் பட்டியலில் திடலும் தெருக்களும் வீடுகளும் இல்லை. அவை 110 வருடம் முன்பே பட்டியலை விட்டு எழுதி எடுக்கப்பட்டிருந்தன. ஜார்ஜ் தன் பிள்ளைகளை நம்பிக் கம்பெனியோடு வைத்திருந்தால், கெய்ன்ஷாம் பேக்டரிக்கு வந்த கதி இந்தத் தோட்டங்களுக்கும் வந்திருக்கலாம்.

அறக்கட்டளைக்கு வந்த நிஜமான ஆபத்து வேறு திசையிலிருந்து, அதுவும் ஒரு நல்ல சட்டத்தின் வடிவில் வந்தது. 1967-ல் வந்த குத்தகைச் சீர்திருத்தச் சட்டம், நீண்ட காலக் குத்தகையில் வீடு வைத்திருப்பவர்கள் அடிமனையையும் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றது. பல நிலப்பிரபுக்களின் கொட்டத்தை அடக்கியது அந்தச் சட்டம். ஆனால் போர்ன்வில்லில் அடிமனை கைமாறினால் அறக்கட்டளையின் விதிகளும் அதோடு காலாவதியாகும், ஒவ்வொருவரும் தோட்டத்தில் தோன்றியதைக் கட்டிக்கொள்ளலாம். நல்லவேளையாகச் சட்டத்திலேயே ஒரு வழி இருந்தது. ஒரு பகுதியின் தோற்றத்தைக் காக்க வேண்டும் என்றால், மனை விற்ற பிறகும் செல்லுபடியாகும் மேலாண்மைத் திட்டம் ஒன்றுக்கு அனுமதி வாங்கலாம். அறக்கட்டளை அதை வாங்கிக்கொண்டது. அதனால் இன்றும் போர்ன்வில்லில் சொந்த வீடு வைத்திருப்பவர் கூட ஜன்னல் மாற்ற, அறை நீட்ட, மரம் வெட்ட அறக்கட்டளையிடம் கேட்டாக வேண்டும். பொதுப் பராமரிப்புக்கு வருடா வருடம் பணமும் கட்ட வேண்டும். 'என் காசில் வாங்கிய வீட்டில் ஒரு ஜன்னலை மாற்ற எவனிடம் கேட்க வேண்டும்?' என்ற முணுமுணுப்பு இருக்கத் தான் செய்யும். அந்த முணுமுணுப்பு தான் அமைதிக்கான வாடகை.

இப்போது அறக்கட்டளையின் கையில் சுமார் 1,000 ஏக்கரும் 8,000 வீடுகளும் இருக்கின்றன. குறைந்த வாடகை வீடும் சொந்த வீடும் ஒரே தெருவில், வெளியிலிருந்து பார்த்தால் எது எது என்று தெரியாதபடி கலந்து நிற்கின்றன. இரண்டாம் உலகப் போரில் நாடிழந்து வந்த செர்பியர்கள் 1968-ல் கட்டிய பைசாண்டியப் பாணிக் கோயில் கூட இந்தத் தெருக்களுக்குள் தான் இருக்கிறது. ஜோசப் ரவுன்ட்ரீ அறக்கட்டளை 2003-ல் வெளியிட்ட ஆய்வு, இப்படிக் கலந்து வாழ்வது இங்கே நன்றாக நடக்கிறது என்று சொன்னது. ஆனால் சொந்தமாக வாங்க நினைப்பவருக்குக் கதை வேறு. அமைதிக்கும் பசுமைக்கும் பெயர் வாங்கிய ஊரில் வீட்டு விலை சும்மா இருக்குமா? ஹார்வி உழைப்பாளிக்காக வரைந்த குடிசை வீட்டை இன்று வாங்குவதற்கு நல்ல உத்தியோகம் வேண்டும். வாடகை வீடுகள் மட்டும் அறக்கட்டளையின் கையில் தங்கியிருக்காவிட்டால் போர்ன்வில் எப்போதோ வசதி படைத்தவர்களின் தோட்டமாக ஆகியிருக்கும்.

மது விஷயத்தில் 2007-ல் ஒரு சங்கிலிக் கடை விற்பனை உரிமம் கேட்டபோது ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள், கிடைக்கவில்லை. 2015-ல் மேரி வேல் சாலையில் ஒரு சின்னக் கடைக்கு பர்மிங்காம் நகராட்சி உரிமம் கொடுத்துவிட்டது. '120 வருட விரதம் முடிந்தது' என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் அந்தக் கடை இருப்பது போர்ன்வில் என்று அழைக்கப்படும் பகுதியில் தானே தவிர, அறக்கட்டளையின் நிலத்தில் இல்லை. பத்திரத்தின் எல்லைக்குள் பாட்டில் விற்க நினைப்பவர் நகராட்சியைப் பார்த்தால் மட்டும் போதாது, ஒரு அறைக்குள் உட்கார்ந்திருக்கும் அறங்காவலர்கள் ஒவ்வொருவரின் தலையும் அசைய வேண்டும்.